இடது மணிக்கட்டு: குழிவா, நேரா, வளைவா?

கோல்ஃப் பழகி ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பலரும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். பந்தை அடிக்கும் கோலான கிளப் பின்னால் போய் உச்சியில் நிற்கும் அந்தக் கணத்தில் இடது மணிக்கட்டு எப்படி இருக்க வேண்டும்? நேராக வை என்கிறார் கோச். யூடியூபில் தொழில்முறை ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சனைப் பார்த்தால் மணிக்கட்டை உள்பக்கம் நன்றாக மடித்து வைத்திருக்கிறார். மைதானத்தில் நாற்பது வருடமாக ஆடும் பெரியவரோ, அந்தக் கால சாம்பியன் பென் ஹோகனே குழிய வைத்துத்தான் அடித்தார் என்கிறார். மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். அதனால்தான் தலை சுற்றுகிறது.

இதில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்று பார்ப்போம். எல்லாம் வலது கை ஆட்டக்காரரை வைத்து எழுதியது. இடது கைக்காரர்கள் கையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

## மூன்றும் என்ன?

குழிவு: புறங்கை முன்கையை நோக்கிப் பின்னால் மடிந்திருக்கும். மணிக்கட்டின் மேல்பக்கத்தில் தோல் சுருங்கிக் கோடு விழும். கோச்சுகள் இதைக் கப்டு என்பார்கள்.

நேர்: புறங்கையும் முன்கையும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஃபிளாட்.

வளைவு: உள்ளங்கை முன்கையின் உட்பக்கத்தை நோக்கி மடிந்து, மணிக்கட்டின் மேல்பக்கம் புடைத்து நிற்கும். பௌடு.

கட்டைவிரல் முன்கையை நோக்கி மேலே ஏறுகிறதே, அது வேறு அசைவு. கிளப்பை உயர்த்துவது அதுதான். மூன்று வகைக்காரர்களுக்கும் அது வேண்டும். மணிக்கட்டை நன்றாக ஏற்று என்று கோச் சொன்னதும் ஏற்றுவதற்குப் பதில் பின்னால் குழித்துக்கொள்கிறவர்கள் நிறைய. பந்து வலப்பக்கம் ஓடும் ஸ்லைஸ் அங்கேயே பிறந்துவிடுகிறது.

பந்தின் முன்னால் நிற்கும்போது ஏறக்குறைய எல்லோருக்கும் இடது மணிக்கட்டு கொஞ்சம் குழிந்துதான் இருக்கும். பந்தைத் தொடும் நேரத்தில் நல்ல ஆட்டக்காரர்களுக்கு அது நேராகவோ லேசான வளைவாகவோ வந்துவிடும். ஆரம்பமும் முடிவும் பொது, நடுவில் போகும் வழிதான் ஆளுக்கு ஆள் வேறு.

## இவ்வளவு கவலைப்பட என்ன இருக்கிறது?

மணிக்கட்டு குழிந்தால் கிளப் ஃபேஸ், அதாவது பந்தைத் தொடும் முகம், திறக்கும் (வலப்பக்கம் திரும்பும்), வளைந்தால் மூடும் (இடப்பக்கம் திரும்பும்). பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஃபேஸ்தான். ரேடார் கருவிகள் வந்த பிறகு இது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது: தூரமாக அடிக்கும் நீண்ட கிளப்பான டிரைவரில் சுமார் 85 சதவீதம், சாய்ந்த இரும்பு முகம் கொண்ட அயர்னில் சுமார் 75 சதவீதம். மீதிதான் ஸ்விங் போகும் பாதை. ஃபேஸ் 1 டிகிரி விலகினால், 200 யார்டு போகும் பந்து நேர்கோட்டுக் கணக்கிலேயே மூன்றரை யார்டு தள்ளி விழும். காற்றில் அது மேலும் வளைவது தனிக் கணக்கு. 5 டிகிரி என்றால் பக்கத்து ஃபேர்வேதான், அதாவது அடுத்த ஆட்டப் பாதை.

பந்தும் ஃபேஸும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். கிளப் உச்சியிலிருந்து இறங்கும் டவுன்ஸ்விங் முழுவதுமே கிட்டத்தட்ட கால் நொடி. அதற்குள் கையால் யோசித்துத் திருத்த முடியாது. மேலே திறந்த ஃபேஸைக் கீழே வருவதற்குள் ஏதோ ஒன்று மூடியாக வேண்டும். மேலே மூடிய ஃபேஸ் மேற்கொண்டு மூடாமல் ஏதோ ஒன்று தடுத்தாக வேண்டும். மேலே வாங்கிய கடன் கீழே வசூலாகிவிடும். குழிவின் கடனை முன்கை அடைக்கிறது, வளைவின் கடனை இடுப்பு அடைக்கிறது. உங்களிடம் எது தெம்பாக இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

## எதை வைத்து முடிவு செய்வது?

கிரிப், அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதம்தான் முதலில். பந்தின் முன்னால் நின்று குனிந்து பாருங்கள். இடது கையில் எத்தனை விரல் முட்டிகள் தெரிகின்றன? மூன்றும் அதற்கு மேலும் என்றால் ஸ்ட்ராங் கிரிப். இரண்டு, இரண்டரை என்றால் நடுத்தரம். ஒன்றோ ஒன்றரையோ என்றால் வீக். இங்கே ஸ்ட்ராங், வீக் என்பது பிடியின் இறுக்கம் இல்லை, கை எவ்வளவு வலப்பக்கம் திரும்பிப் பிடித்திருக்கிறது என்பது. ஸ்ட்ராங் கிரிப்காரர் உச்சியில் கொஞ்சம் குழித்தால்தான் ஃபேஸ் சரியாக நிற்கும். வீக் கிரிப்காரர் கொஞ்சம் வளைத்தால்தான் நிற்கும். மணிக்கட்டைப் பற்றிய பாதி வாதங்கள் கிரிப்பைக் கேட்காமலே நடக்கின்றன.

உடம்பு எவ்வளவு திரும்பும்? கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு கோல்ஃப் ஆடும் நிலையில் குனிந்து நில்லுங்கள். இடது பாதத்தை நகர்த்தாமல், நிமிராமல், இடுப்பை இலக்குப் பக்கம் திருப்புங்கள். பெல்ட் பக்கிள் இலக்கை நோக்கிப் பாதி வழிகூட வராமல் நின்றுவிட்டால் வளைவு உங்களுக்குத் தோதுப்படாது. முதுகுவலிக்காரர்களுக்கும் இதே பதில்.

வலது மணிக்கட்டு பின்னால் மடிகிறதா? இடது மணிக்கட்டு வளைய வேண்டுமானால் அதே கிளப்பைப் பிடித்திருக்கும் வலது மணிக்கட்டு பின்பக்கம் நன்றாக மடிந்தாக வேண்டும். இதற்கு ஒரு எளிய சோதனை: மார்புக்கு முன்னால் கை கூப்பி, உள்ளங்கைகள் பிரியாமல் முழங்கைகளைப் பக்கவாட்டில் உயர்த்துங்கள். முன்கைகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே கிடைக்கோட்டுக்கு வந்தால் நல்லது. பாதியிலேயே வலது பக்கம் இழுத்தால் அளவுக்கு மீறிய வளைவை மறந்துவிடலாம். நாள் முழுக்கக் கீபோர்டில் இருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்து பாருங்கள்.

பந்து எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் பழக முடியும்? வலப்பக்கம் ஓடும் ஸ்லைஸா, இடப்பக்கம் முறியும் ஹூக்கா? பயிற்சி மைதானமான ரேஞ்சுக்கு வாரம் ஒரு நாளா, தினமுமா? ஃபேஸைக் கீழே வந்து மூடும் ஸ்விங்குக்குத் தாளம் வேண்டும், தாளத்துக்குப் பழக்கம் வேண்டும்.

பழைய காயம். இதைப் பின்னால் தனியாகப் பேசுவோம்.

## குழிவு

படத்தில் பார்க்க அழகான ஸ்விங் பெரும்பாலும் இதுதான். பிரெட் கபுள்ஸ் ஸ்ட்ராங் கிரிப், குழிந்த மணிக்கட்டு, வலது முழங்கை உடம்பை விட்டு மேலே பறக்கும். 1992ல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை ஜெயித்தார். அவர் ஆடுவதைப் பார்த்தால் சோம்பேறித்தனமாக ஏதோ செய்வது போலத்தான் தோன்றும். ஸ்ட்ராங் கிரிப்பும் குழிவும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால் ஃபேஸ் நடுநிலையில் நிற்கிறது. உடம்பைப் பெரிதாகப் போட்டு முறுக்க வேண்டியதில்லை.

ஹோகன் கதை வேறு. அவருக்கு இளமையில் பெரிய தொல்லை ஹூக். இடப்பக்கம் முறியும் பந்தை நிறுத்த கிரிப்பை வீக்காக மாற்றி, மேலே மணிக்கட்டையும் குழித்தார். ஃபேஸ் நன்றாகத் திறந்துகொண்டது. பிறகு முழு வேகத்தில் திருப்பி அடித்தாலும் பந்து இடப்பக்கம் முறியவில்லை. 1953ல் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் மூன்றையும் ஜெயித்தவர் அவர். இந்த ரகசியத்தை 1955ல் லைஃப் பத்திரிகையில் வெளியிட்டார். வார இறுதியில் ஆடுகிறவருக்கு இது பிரயோசனப்படாது, மோசமாக ஆடுகிறவரை இன்னும் கெடுத்துவிடும் என்று அவரே அதில் எச்சரித்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டு ரகசியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுபது வருடமாக மக்கள் ஸ்லைஸ் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏனென்றால் சராசரி ஆட்டக்காரருக்கு ஹூக் இல்லை, ஸ்லைஸ்தான் உண்டு. கிரிப் வீக், மணிக்கட்டு குழிவு, இடுப்பு மெதுவாகத் திரும்பும். இந்த மூன்றும் சேர்ந்தால் ஃபேஸ் திறந்தபடியே பந்திடம் வருகிறது. உடம்பு ஆபத்தை உணர்ந்து கடைசி நேரத்தில் மணிக்கட்டை முன்னால் சுண்டுகிறது. சில சமயம் சரியாக விழும். சில சமயம் பந்துக்கு முன்னாலேயே தரை வெட்டுப்படும்.

மறைமுகச் செலவு முதலில் தூரத்தில் தெரியும். திறந்த ஃபேஸ் லாஃப்டையும் (முகத்தின் மேல்நோக்கிய சாய்வு) கூட்டுவதால் 7 அயர்ன் எடுத்து 8 அயர்ன் தூரம்தான் போகும். இரண்டாவது, கிளப்பை அளவுக்கு மீறிப் பின்னால் கொண்டுபோகும் ஓவர்ஸ்விங். குழிவு அதிகமானவர்களின் இடது கையைக் கவனியுங்கள்; உச்சியில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் லேசாகத் திறந்துகொண்டு கிளப் கைப்பிடியின் அடிப்பகுதி உள்ளங்கையை விட்டு எழும்பியிருக்கும். கிளப் தோளைத் தாண்டிக் கீழே தொங்கும். அங்கிருந்து திரும்பி வரும் வழி ஒவ்வொரு முறையும் புதிது.

சரி, யாருக்கு இது நல்லது? ஸ்ட்ராங் கிரிப் பழகிப்போய் மாற்ற விரும்பாதவர்கள். ஹூக்கால் அவதிப்படுபவர்கள். இடுப்பு வேகமாகத் திரும்பாத, ஆனால் கைகள் சுறுசுறுப்பான மூத்தவர்கள். பந்தை உயரமாகத் தூக்க வேண்டிய மெதுவான ஸ்விங்காரர்கள். குழந்தைகளும்தான்: கிளப்பின் எடைக்குச் சின்னக் கை ஸ்ட்ராங்காகப் பிடித்துக் குழித்துக்கொள்ளும், வளரும்போது மாறிக்கொள்ளட்டும், அடித்துத் திருத்த வேண்டாம்.

## நேர்

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே இதன் பலம். ஆடம் ஸ்காட் உச்சியில் நிற்கும் படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: ஃபேஸும் முன்கையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். கடன் சின்னது, முன்கையும் இடுப்பும் ஆளுக்குப் பாதி அடைத்தால் போதும். நடுத்தர கிரிப் உள்ளவருக்கு இயல்பாக வருவதும் இதுதான்.

தொல்லை என்னவென்றால், நேராக வைத்திருப்பதாக நினைக்கும் பலர் உண்மையில் குழித்துத்தான் வைத்திருக்கிறார்கள். குழிவுக்குப் பழகிய கைக்கு நேர் என்பது வளைவு மாதிரி உறுத்தும். அதனால் கண்ணாடியோ ஃபோனோ இல்லாமல் இதைப் பழக முடியாது. இன்னொன்று, கிளப்பைப் பின்னால் கொண்டுபோகும் பேக்ஸ்விங் குட்டையாகிவிட்டது போல இருக்கும். குட்டையாகித்தான் இருக்கும், ஓவர்ஸ்விங்கில் இருந்த வெற்று நீளம் போயிருக்கிறது. பழைய பலம் போய்விட்டதாக நினைத்து முதல் மாதமே கைவிடுகிறவர்கள் உண்டு.

ஒரு சின்னப் பயிற்சி. 15 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேலை இடது கைக் கடிகாரப் பட்டைக்கு அடியில் செருகி, பாதி முன்கை மேலும் பாதி புறங்கை மேலும் படும்படி வையுங்கள். குழித்தால் ஸ்கேல் புறங்கையைக் குத்தும். வளைத்தால் ஸ்கேலுக்கும் புறங்கைக்கும் நடுவே இடைவெளி விழும். நேராக இருந்தால் இரண்டையும் தொட்டபடி சும்மா கிடக்கும். பந்து இல்லாமல், இடுப்பு உயரம் வரை மட்டும் மெதுவாக.

எது என்று குழம்புபவருக்கு நான் சொல்வது இதைத்தான்: கிரிப்பை இரண்டரை முட்டிக்குக் கொண்டுவந்து நேராக வையுங்கள். வேறு வழியில் போகத் தெளிவான காரணம் இருந்தால் மட்டும் போங்கள்.

## வளைவு

இன்றைய கவர்ச்சி இதில்தான். டஸ்டின் ஜான்சன் 2016 யு.எஸ். ஓப்பனும் 2020 மாஸ்டர்ஸும் ஜெயித்தார். அந்த மாஸ்டர்ஸில் அவர் எடுத்த 268, அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த, அதாவது மிகச் சிறந்த ஸ்கோர். காலின் மோரிகாவா, ஜான் ராம், விக்டர் ஹோவ்லாண்ட் எல்லோரும் இந்தப் பக்கம்தான். புதுசு என்று நினைக்க வேண்டாம்; மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் ஆறு ஜெயித்த லீ ட்ரெவினோ எழுபதுகளிலேயே ஸ்ட்ராங் கிரிப்போடு ஃபேஸை மூடி வைத்து, அதை மேற்கொண்டு மூட விடாமல் உடம்பைத் திருப்பிப் பந்தை ஃபேடாக (லேசாக வலப்பக்கம் வளைய) அடித்தவர்.

இதன் தர்க்கம் சுத்தமானது. மேலேயே ஃபேஸ் மூடிவிட்டதால் கீழே வரும்போது கையால் திருப்ப வேண்டிய வேலை இல்லை. உடம்பு எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் ஃபேஸ் திறந்து நிற்காது. கையின் தாளத்தை நம்ப வேண்டாம், பெரிய தசைகளை நம்பினால் போதும். பந்து தாழ்ந்து, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். கடற்காற்று அடிக்கும் மைதானங்களில் இது பெரிய வரம்.

ஆனால் உடம்பு திரும்பியே ஆக வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தைத் தொடும்போது இடுப்பு 35, 40 டிகிரி அளவுக்கு இலக்குப் பக்கம் திறந்திருக்கும். அலுவலக நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறவரின் இடுப்பு பெரும்பாலும் நேராகவே நிற்கும். இடுப்பு நின்றால் கைகள் சுழலும். ஏற்கெனவே மூடிய ஃபேஸ் இன்னும் மூடும். பந்து இருபதடி உயரம்கூட எழும்பாமல் இடப்பக்கப் புதருக்குள் போய் விழும். ஸ்லைஸாவது எங்கேயோ ஓடி நிற்கும், இந்த ஹூக் தரையில் விழுந்த பிறகும் ஓடும்.

ஜான் ராம் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். வலது கால் பாதம் வளைந்தபடி பிறந்தவர் அவர். அந்தக் கால் இன்றும் மற்றதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை, கணுக்காலில் அசைவு குறைவு. அவருடைய குட்டையான பேக்ஸ்விங் அதிலிருந்து வந்தது. 2021ல் இதை விளக்கியபோது, என்னைக் காப்பியடிக்காதீர்கள், உங்கள் உடம்புக்கு முடிந்ததைச் செய்யுங்கள் என்றுதான் சொன்னார். ஸ்லோமோஷன் வீடியோ போடுகிறவர்கள் அந்தப் பகுதியைப் போடுவதில்லை.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம். வளைவு லாஃப்டைக் குறைக்கிறது. வேகமான ஸ்விங்காரருக்கு அது லாபம். மெதுவானவருக்குப் பந்து காற்றில் நிற்காமல் சீக்கிரமே இறங்கிவிடும், டிரைவரையே 9 டிகிரியிலிருந்து பத்தரைக்கு மாற்ற வேண்டியிருக்கும். கோடையில் கல்லாகிப் போன கிரீனில் (குழி இருக்கும் புல்தளம்) தாழ்வாக வரும் அயர்ன் பந்து நிற்பதும் கஷ்டம். இரண்டாவது சிப்பிங், கிரீனுக்கு அருகிலிருந்து அடிக்கும் சின்ன ஷாட். வளைந்த மணிக்கட்டோடு அதற்கான கிளப்பான வெட்ஜை இறக்கினால் மண்ணில் புதையாமல் தடுக்கும் அடிப்பாகப் புடைப்பு, பவுன்ஸ், வேலை செய்யாது; முன்விளிம்பு மண்ணில் குத்தும். ஹோவ்லாண்ட் தன் சிப்பிங் மோசம் என்று 2020ல் வெளிப்படையாகவே சொல்லி, பிறகு வருடக்கணக்கில் அதற்கென்று தனியாக உழைத்தார். அவருக்கு அதற்குக் காரணம் மணிக்கட்டுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முழு ஸ்விங்கில் வளைவு பழகிய சாதாரண ஆட்டக்காரர்கள் கிரீனைச் சுற்றி மண்ணைத் தோண்டுவதை எந்த மைதானத்திலும் பார்க்கலாம்.

நல்ல இடுப்பு, வேகமான ஸ்விங், வீக்கிலிருந்து நடுத்தரம் வரை கிரிப், தீராத ஸ்லைஸ், வாரத்தில் பல நாள் பழக்கம். இவை இருந்தால் தாராளமாகப் போங்கள். ஸ்ட்ராங் கிரிப்பும் வளைவும் சேர்ந்தால் அது ஜான்சன், ட்ரெவினோ ரகம். அதற்குக் கோச் பக்கத்தில் இருப்பது நல்லது.

## நான்காவது வழி

மேலே லேசாகக் குழித்துவிட்டு, இறங்க ஆரம்பித்ததும் வளைவுக்கு மாற்றுவது. உச்சியில் இயல்பாக இருக்கலாம், கீழே வளைவின் லாபமும் கிடைக்கும். ஸ்லைஸ்காரர்களுக்குக் கோச்சுகள் அதிகம் கற்றுக்கொடுப்பதும் இதைத்தான். ஒரே நிபந்தனை: இடது கை தரைக்கு இணையாக வருவதற்குள் மாற்றம் முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு செய்வது கடைசி நேரச் சுண்டுதல், வளைவு இல்லை. கால் நொடியில் முதல் பாதிக்குள் இது நடக்க வேண்டும் என்பதால் பாதி ஸ்விங்கில் பல வாரம் பழகாமல் முழு ஸ்விங்கில் வராது.

## பக்கத்தில் பக்கத்தில்

| | குழிவு | நேர் | வளைவு |
|---|---|---|---|
| தோதான கிரிப் | ஸ்ட்ராங், 3 முட்டி | நடுத்தரம், 2 முதல் 2.5 | வீக் முதல் நடுத்தரம், 1.5 முதல் 2 |
| உச்சியில் ஃபேஸ் | திறக்கும் | நடுநிலை | மூடும் |
| கடனை அடைப்பது | முன்கைச் சுழற்சி | இரண்டும் கொஞ்சம் | இடுப்பின் திருப்பம் |
| தவறினால் | ஸ்லைஸ், தரை வெட்டு | இரு பக்கமும், சிறிதாக | தாழ்ந்த ஹூக் |
| பந்தின் உயரம் | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| பழக்க நேரம் | அதிகம் (தாளம்) | குறைவு | அதிகம் (உடம்பு) |
| சிப்பிங் | எளிது | எளிது | கவனம் தேவை |

## கைகள் பற்றி ஒரு சொல்

மணிக்கட்டை மட்டும் பார்த்துக் கையை விட்டுவிட முடியாது. குழிவு வலது முழங்கையை வெளியே தள்ளும், வளைவு அதை விலாவோடு சேர்க்கும். முழங்கை பறந்தால் குற்றம் என்று சொல்கிறவர்களுக்கு 18 மேஜர் ஜெயித்த ஜாக் நிக்லஸின் பறக்கும் முழங்கையைக் காட்டலாம்.

இடது கை கம்பி மாதிரி நேராக இருக்க வேண்டும் என்பது இன்னொரு பழைய சட்டம். கால்வின் பீட் சிறுவயதில் இடது முழங்கை உடைந்து, அதை முழுதாக நீட்டவே முடியாதவர். 1981 முதல் 1990 வரை தொடர்ந்து பத்து வருடம் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ. டூரில் டிரைவரை மிகத் துல்லியமாக அடித்தவர் பட்டியலில் முதலிடம் அவருக்குத்தான். ஜோர்டன் ஸ்பீத்தின் இடது முழங்கை பந்தைத் தொடும்போது மடிந்துதான் இருக்கும். மூன்று மேஜர் அவர் கையில். கை நீண்டிருந்தால் வட்டம் பெரிதாகும், நல்லதுதான். ஆனால் முழங்கையைப் பூட்டி இறுக்கினால் அந்த இறுக்கம் மணிக்கட்டுக்கு இறங்கி அதையும் பூட்டிவிடும்.

கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஸ்ட்ரெயிட் டிரைவில் இடது முழங்கையை உயர்த்தி, மட்டையின் முகத்தைத் திருப்பாமல் நேராகப் பிடித்துத் தள்ளிப் பழகியிருப்பீர்கள். அதே கை கோல்ஃபில் முழங்கையை மடக்கி ஃபேஸைத் திறந்தே வைத்திருக்கும். உங்கள் ஸ்லைஸுக்குக் காரணம் மணிக்கட்டாக இல்லாமலும் இருக்கலாம். முதலில் பந்தைத் தாண்டிய பிறகு இரண்டு முழங்கைகளும் தரையைப் பார்க்கின்றனவா என்று பாருங்கள், அப்புறம் மணிக்கட்டுக்கு வாருங்கள்.

## வலி

கோல்ஃபில் அடிக்கடி அடிபடும் இடங்களில் இடது மணிக்கட்டும் ஒன்று. கட்டைவிரலின் அடியில் வலி என்றால் பெரும்பாலும் அங்கே ஓடும் தசைநார் உறையின் வீக்கம். மணிக்கட்டை ஏற்றி இறக்கும் அசைவால் வருவது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியில், கிளப் கைப்பிடியின் நுனி அழுத்தும் இடத்தில் திடீர் வலி என்றால் கொக்கி போன்ற சின்ன எலும்பு ஒன்று உடைந்திருக்கலாம். வேரிலோ கல்லிலோ கிளப் மோதும்போது இது நடக்கும், சாதாரண எக்ஸ்ரேயில் தப்பியும் விடும். மணிக்கட்டின் வெளிப்புறத்தில் சுண்டுவிரல் பக்கம் வலி என்றால் அங்குள்ள தசைநார். ஸ்பீத் 2024 ஆகஸ்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டது இந்த இடத்தில்தான்.

இதில் எது இருந்தாலும் மணிக்கட்டு மாற்றத்தைத் தள்ளிப்போட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வலி இல்லாதவர்களும் வளைவை ரேஞ்சில் விரித்த மேட் மேல் ஆரம்பிக்க வேண்டாம். மேலே பச்சை விரிப்பு, கீழே சிமென்ட். வளைவுக்காரரின் கிளப் தரையை ஆழமாகத் தாக்கும்போது அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் வருகிறது. புல் தரை கிடைக்காவிட்டால் பந்தைச் சின்ன டீயில் (பந்தைத் தாங்கும் முளை) ஏற்றி அடியுங்கள். மேட் இன்னொரு பொய்யும் சொல்லும்: பந்தை எட்டுவதற்கு இரண்டு அங்குலம் முன்பே தரையில் அடித்தாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும், நல்ல ஷாட் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

## எப்படிச் சோதிப்பது?

ஃபோனை ஸ்டாண்டில் வைத்து, கைகளின் உயரத்துக்கு, பந்தையும் இலக்கையும் சேர்க்கும் கோட்டில், இலக்குக்கு எதிர்ப்பக்கமிருந்து ஸ்லோமோஷனில் எடுங்கள். நொடிக்கு 240 படம் என்றால் டவுன்ஸ்விங்கில் சுமார் 60 படம் கிடைக்கும். சாதாரண வீடியோவில் ஏழெட்டுதான். உச்சியில் நிறுத்தி ஃபேஸைப் பாருங்கள்: அது வானத்தைப் பார்த்தால் மூடியிருக்கிறது, நுனி தரையை நோக்கித் தொங்கினால் திறந்திருக்கிறது, இடது முன்கைக்கு இணையாக இருந்தால் நடுநிலை. மணிக்கட்டைவிட ஃபேஸைப் பார்ப்பதே மேல். கையுறையும் சட்டைக் கையும் கண்ணை ஏமாற்றும். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கோணத்தை டிகிரியில் காட்டும் சென்சார்கள் இப்போது உண்டு. அதற்குச் செலவழிக்கும் முன் ஒரு நல்ல கோச்சிடம் இரண்டு வகுப்பு போனால் அதே பதில் கிடைக்கும்.

மாற்ற முடிவு செய்தால் கிரிப்பை முதலில் மாற்றி, அதோடு இரண்டு மூன்று வாரம் ஆடுங்கள். பலருக்குக் கிரிப் மாறியதும் மணிக்கட்டு தானாகவே இடத்துக்கு வந்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கிளப் போட்டி நெருங்கும் மாதத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: டிரைவருக்கு ஒன்று, அயர்னுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாமா? வேண்டாம். முழு ஸ்விங் எல்லாவற்றுக்கும் ஒரே மணிக்கட்டு. பந்தின் இடத்தையும் டீயின் உயரத்தையும் மட்டும் மாற்றுங்கள். விதிவிலக்கு கிரீனைச் சுற்றியும் மணல் பள்ளமான பங்கரிலும்தான். மணலில் ஃபேஸ் திறந்திருக்க வேண்டும், பவுன்ஸ் மணலைத் தள்ள வேண்டும், பந்தைத் தாண்டிய பிறகும் இடது மணிக்கட்டு குழிந்தே போகலாம். முழு ஸ்விங்கில் நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் பங்கருக்குள் இறங்கினால் குழிவுதான்.